கருவாட்டு வாசனைக்கு இவ்வளவு கோவமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாடகைக்கு வீடு தேடிப் போனா அட்வான்ஸ் பேசுறதுக்கு முன்னாடியே "நான்வெஜ் சமைப்பீங்களா"ன்னு கேக்குறது நம்ம ஊர்ல பழகிப்போன விஷயம். ஆனா இப்ப அசைவம் சாப்பிடுறவங்களே இன்னொரு அசைவ வீட்டைப் பத்தி கம்ப்ளெயிண்ட் பண்றாங்க, அதனாலதான் இந்தக் கடிதம். எங்க அபார்ட்மெண்ட்ல கடலோர மாவட்டத்துல இருந்து வந்த ஒரு குடும்பம் கருவாட்டுக் குழம்பு வச்சதுக்கு வாட்ஸ்அப் குரூப்ல "குடலைப் புரட்டுது, கொஞ்சம் நாகரிகம் வேணாமா"ன்னு மெசேஜ் வந்துச்சு, அதுக்குக் கீழ ஏழெட்டு பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தாங்க. அந்த அக்கா இப்பல்லாம் ஜன்னல சாத்திக்கிட்டு அந்தப் புழுக்கத்துலயே நின்னு சமைக்கிறாங்க.

வாசனை பிடிக்கலன்னா தப்பே இல்ல, எல்லாருக்கும் எல்லாம் பிடிக்கணும்னு சட்டமா என்ன. ஆனா "நாகரிகம்"ங்கிற பேச்சு மூக்குல இருந்து வரல, சின்ன வயசுல வீட்ல பெரியவங்க மூஞ்சிய சுளிச்சு "சீ, அவங்கல்லாம் அதைத் திம்பாங்க"ன்னு சொன்னதுல இருந்து வருது. ருசி பாக்காமலேயே அருவருப்பு மட்டும் சொத்து மாதிரி கைக்கு வந்துடுது, அதை அப்படியே நம்ம பிள்ளைங்களுக்கும் எழுதி வச்சிடறோம்.

கருவாடு ஏன் வந்துச்சுன்னு யோசிச்சா போதும். நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன்பிடித் தடைக்காலம். தடை வர்றதுக்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாடியும் புயல், மழைன்னு வலை போட முடியாத நாள் இருந்துச்சு, ஐஸும் ஃப்ரிட்ஜும் இல்ல, கையில இருந்தது உப்பும் வெயிலும்தான். கடல் பாக்காத ஊர் சந்தைக்கு மீன் போய்ச் சேர்ந்ததும் கருவாடாத்தான். அந்த அக்கா சமைக்கிறத பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், சுடுதண்ணில ஊறவச்சு மண்ணும் செதிலும் போற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசி, கத்திரிக்காயும் மொச்சையும் வெந்த புளிக்குழம்புல கடைசியாத்தான் கருவாட்டைப் போடுறாங்க, முன்னாடியே போட்டா கரைஞ்சிடும், உப்பும் அதுக்கப்புறம் ருசி பாத்துதான். இவ்வளவு பக்குவம் தெரிஞ்ச கைக்கு நாகரிகம் சொல்லித் தர நாம யாரு?

கேழ்வரகுக்கு நடந்ததும் இதேதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மழைய நம்பின மேட்டு நிலத்துல ராகி விளையும், அதனால களி சாப்பிட்டாங்க. அதுக்கு "களி திங்கிறவங்க"ன்னு பட்டம், ஜெயிலுக்குப் போறதையே "களி திங்கப் போறான்"னுதானே சொல்றோம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதும் அதே ராகி சூப்பர் மார்க்கெட்ல பளபளன்னு பாக்கெட்ல வந்து உக்காந்துடுச்சு, கால்சியம் அரிசிய விட பல மடங்குன்னு டயட் சொல்றவங்க எல்லாம் பேசுறாங்க. சந்தோஷம். ஆனா பரம்பரையா களி கிண்டினவங்களுக்கு அந்த மரியாதை போய்ச் சேரலையேங்கிறது எனக்கு உண்மையாவே வலிக்குது.

பொண்ணு பாக்கப் போற இடத்துல கூட "அவங்க கன்னியாகுமரி பக்கம், எல்லாத்துக்கும் தேங்கா எண்ணெய், கூடவே மரச்சீனிக் கிழங்கு"ன்னு ஒரு குறையா சொல்றத காதால கேட்டிருக்கேன். தென்னை நிக்கிற மண்ணுல தேங்கா எண்ணெய் ஊத்தாம வேற எதை ஊத்துவாங்க? அந்த மரவள்ளிக் கிழங்குக்கும் ஒரு கதை இருக்கு. 1880கள்ல திருவிதாங்கூர் சமஸ்தானத்து ராஜாவா இருந்த விசாகம் திருநாள் அதைப் பயிர் பண்ணச் சொல்லி ஊக்கப்படுத்தினாரு, அப்புறம் 1942ல ஜப்பான் பர்மாவ பிடிச்சு அங்கேர்ந்து அரிசி வர்றது நின்னப்போ அந்தப் பக்கத்து ஜனங்க பசிய ஆத்தினது இந்தக் கிழங்குதான். குமரி மாவட்டம் அப்போ அந்த சமஸ்தானத்தோட சேர்ந்த மண்ணு, 1956லதான் நம்ம பக்கம் வந்துச்சு. பஞ்சத்துல உயிரைக் காப்பாத்தின சாப்பாட்டை ஒரு குடும்பத்தோட குறையா எண்ணுறது எவ்வளவு பெரிய அநியாயம்.

"எங்க சாப்பாடுதான் ஒரிஜினல்"னு யாரும் நெஞ்ச நிமித்தவும் வழியில்ல. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூணுமே அமெரிக்கக் கண்டத்துல இருந்து போர்ச்சுகீசியர் மாதிரி ஐரோப்பியர்கள் வழியா வந்தது, 1498ல வாஸ்கோடகாமா கப்பல் வர்றதுக்கு முன்னாடி நம்ம குழம்புக்குக் காரம் மிளகுதான். அன்னிக்கும் நம்ம பாட்டிமார் புதுசா வந்ததை வாயில வச்சுப் பாத்துட்டுதானே சேத்துக்கிட்டாங்க.

பிள்ளைங்க விஷயத்துலதான் எனக்குப் பயம். டிஃபன் பாக்ஸ் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை மூக்கப் பிடிச்சா, அடுத்த நாள்ல இருந்து இந்தப் பிள்ளை "எனக்கு பிரெட் மட்டும் குடு"ன்னு அடம் பிடிக்கும், அம்மாவும் சரின்னு விட்டுடுவாங்க, அதோட அந்த வீட்டுச் சமையல் நின்னுடும். டீச்சருங்க நினைச்சா இதை ஒரே வார்த்தையில அடக்கலாம். அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரங்க லிஃப்ட், தண்ணி, குப்பை இதையெல்லாம் பாக்கட்டும், அடுத்தவங்க அடுப்புல என்ன கொதிக்குதுங்கிறது அவங்க வேலை இல்ல.

உங்க பேப்பர்கிட்டயும் ஒரு கோரிக்கை. ஞாயிறு சமையல் பக்கத்துல பன்னீர், பாஸ்தாவுக்கு இடம் குடுக்குற மாதிரி வாரம் ஒரு மாவட்டத்து வீட்டுச் சமையலையும், அதைத் தினம் சமைக்கிறவங்க வாயாலயே சொல்ல வச்சுப் போடுங்க, அந்த மண்ணுல என்ன விளையுதுங்கிறதையும் கூடவே எழுதுங்க. முதல் வாரம் கருவாட்டுக் குழம்புல இருந்து ஆரம்பிச்சா ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை