சுவரைத் தொடாமலே சுவரோவியம் படிக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் புதுச்சேரியில் 30 வருடமாகக் கட்டட வேலை செய்யும் மேஸ்திரி. கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு பூசுவதுதான் அதிகம். என் மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். போன பருவத்தில் இத்தாலியக் கலை வரலாறு என்று ஒரு தாள். ராத்திரி பதினொரு மணிக்கு அரிச்சோ, இந்தோனாக்கோ, சினோப்பியா, ஜோர்னாத்தா என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். என்னம்மா இது என்று கேட்டேன்.

எல்லாம் ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வரைகிற இத்தாலியச் சுவரோவியத்தின் சொற்களாம். அரிச்சோ என்றால் சொரசொரப்பாக விடுகிற முதல் பூச்சு, இந்தோனாக்கோ அதன் மேல் பூசுகிற மெல்லிசுப் பூச்சு, சினோப்பியா காவியில் போடுகிற கோட்டுப்படம், ஜோர்னாத்தா ஒருநாள் வேலை அளவு. அவள் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இது என் வேலை. நூலைக் காவியில் தோய்த்து இழுத்துச் சுண்டிச் சுவரில் கோடு போடுவோமே, அதையும் அந்த ஊர் ஓவியர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாளுக்கு முழுக்க முழுக்கத் திரையில் படம் காட்டிப் பாடம், அப்புறம் எழுத்துத் தேர்வு, அவ்வளவுதான். ஒரு பிடி சாந்தைக்கூட அந்தப் பிள்ளைகள் கையில் எடுக்கவில்லை.

சரி, நாமே செய்து பார்ப்போம் என்று பின்கட்டுச் சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இடம் ஒதுக்கினேன். மூன்று மாதம் ஊறிய சுண்ணாம்பு, சலித்த மணல். முதல் பூச்சு காய்ந்ததும் மெல்லிசுப் பூச்சு போட்டுக் கொடுத்தேன். பொறுக்காமல் உடனே தூரிகையை வைத்தாள், சாந்தைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டது. விரல் வைத்தால் ஒட்டக்கூடாது, ஆனால் சில்லென்று இருக்க வேண்டும், அதுவரை காத்திரு என்றேன். அந்தப் பதம் வந்ததும் தண்ணீரில் கரைத்த காவியைச் சுவர் அப்படியே குடித்தது. மூன்று நான்கு மணி நேரம் போனதும் தூரிகை இழுபட ஆரம்பித்தது, அதற்குப் பிறகு வைத்த வண்ணம் பிடிக்கவில்லை, மறுநாள் துணியால் துடைத்தால் பொடியாக வந்தது. பசையே இல்லாமல் வண்ணம் எப்படி நிற்கிறது, ஏன் ஒருநாள் வேலைக்கு மட்டும் பூசுகிறார்கள் என்று அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்த விடை அந்தச் சாயங்காலம்தான் அவளுக்கே புரிந்தது. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகும்போது வண்ணத்தையும் சேர்த்துப் பூட்டிக்கொள்கிறது.

மஞ்சள் வேண்டும் என்று அடுப்படியிலிருந்து மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசினாள். பூசின கையோடு சிவந்துவிட்டது! ஆரத்தி கரைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? பத்து நாளில் அதுவும் வெளிறிப்போயிற்று, காவி மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லா வண்ணமும் சுண்ணாம்பைத் தாங்காது. அந்தோனியார் பெயரோடு சேர்த்து நாம் சொல்கிற அதே பதுவா நகரில் 1305 வாக்கில் ஜியோட்டோ என்ற ஓவியர் வரைந்த சிற்றாலயத்தில் மாதாவின் ஆடையில் நீலம் உதிர்ந்திருப்பதற்கும் இதுதான் காரணம். அந்த நீலத் தாதுப் பொடி ஈரச் சுண்ணாம்பில் சரிவராது என்று காய்ந்த சுவரில் பசை கலந்து பூசினார்கள், அது நிற்கவில்லை. மிலானில் லியோனார்டோ டா வின்சி 1495 முதல் 1498 வரை வரைந்த கடைசி இராவுணவும் அப்படித்தான். நிதானமாக, திருத்தித் திருத்தி வரைகிறவர் அவர், ஈரச் சுவர் யாருக்காகவும் காத்திருக்காது. காய்ந்த சுவரில் வரைந்தார், அவர் காலத்திலேயே உரியத் தொடங்கிவிட்டது. இது என் மகளுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. மைக்கேலாஞ்சலோ 1508இல் வத்திக்கானில் கூரை ஓவியத்தைத் தொடங்கியபோது பூச்சில் பூஞ்சணம் பூத்ததாம். கலவையில் தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று ஐப்பசி மழையில் பூசிப் பார்த்த எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இத்தாலியில் படிப்பையும் கைவேலையையும் தனித்தனியாகப் பிரிப்பதில்லை. பிளாரன்சில் 1588இல் அந்த ஊரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தார் தொடங்கிய பட்டறை இன்று ஓவியங்களையும் சிற்பங்களையும் சீர்செய்கிற பெரிய நிறுவனம். அங்கே படிக்கிறவர்கள் வரலாறு, வேதியியல், கைவேலை மூன்றையும் சேர்த்தே படிக்கிறார்கள். ரோமில் 1939இல் தொடங்கிய இதே மாதிரி நிறுவனத்திலும் அப்படித்தான். 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆறு பிளாரன்சுக்குள் புகுந்து ஓவியங்களையும் புத்தகங்களையும் சேற்றில் புரட்டியபோது, தெரிந்த கைகள் இருந்ததால்தான் அவ்வளவையாவது மீட்க முடிந்தது. தானே புயலையும் சுனாமியையும் பார்த்த நமக்கு அப்படிப்பட்ட கைகள் வேண்டாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தாலியைத் தேடி நாம் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுகமான நம் அரிக்கமேட்டில் 1945இல் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் தோண்டியபோது இத்தாலியின் அரெட்சோ ஊர்ச் செம்பளபளப்புப் பாண்ட ஓடுகள் கிடைத்தன. அதை வைத்துத்தான் அந்த இடத்தின் காலத்தையே அவர் கணித்தார். உள்பக்கம் பூ வேலை பதித்த அச்சுக்குள் களிமண்ணை வைத்துச் சக்கரத்தில் சுற்றி அரெட்சோவில் பூவேலைப் பாண்டங்கள் செய்தார்கள். வில்லியனூர் மண்பாண்டக் கலைஞர்களிடம் ஒரு வாரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் அதைச் செய்து பார்த்துவிடலாம். அரிக்கமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு அந்தப் பாண்டத்தை வெளிநாட்டுப் புத்தகத்துப் படத்தில் பார்த்துப் படிப்பது எனக்கு மனசு ஆறவில்லை.

புத்தகம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. என் மகள் புத்தகத்தில் படித்துச் சொல்லாமல் இருந்திருந்தால் என் வேலைக்கு இப்படி ஒரு உறவு இருப்பது எனக்கே தெரிந்திருக்காது. அந்தத் தாளில் பாதி மதிப்பெண்ணைச் செய்முறைக்கு ஒதுக்குங்கள் என்றுதான் கல்வித் துறையையும் கல்லூரிகளையும் கேட்கிறேன். செலவு ஒன்றும் பெரிதில்லை. சுண்ணாம்பு ஊற ஒரு தொட்டி, கொஞ்சம் மணல், வெயில் நேராக விழாத ஒரு சுவர் போதும். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் கரணையோடு வந்து கலவை போட்டுப் பூசிக் காட்டுகிறேன், கூலி வேண்டாம். சுண்ணாம்பை மட்டும் மூன்று மாதம் முன்னாடியே ஊறப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
அரியாங்குப்பம், புதுச்சேரி.