செட்டிநாட்டு ஆடிட்டர்களுக்கு ஒரு கணக்கப்பிள்ளை எழுதும் மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கம் தொழில் செய்யும் ஆடிட்டர் பெருமக்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 31 வருடம் கணக்கு எழுதியவன் நான். வருடா வருடம் பேரேடும் பில் கட்டுமாக உங்கள் மாடிப்படி ஏறியிருக்கிறேன். உங்களில் பலர் என்னைவிட இளையவர்கள். ஆனாலும் நீங்கள் பேனாவை எடுக்கும்போது எழுந்து நின்றே பழகிவிட்டேன். அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அத்தான் இறந்தபின் வந்த 4 லட்சத்தை என் அக்கா ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். 18% வட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்காரே தம்பி" என்று ஆண்டறிக்கையைக் காட்டினார். பார்த்தேன், முத்திரையும் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. அப்புறம் ஒரு திங்கட்கிழமை ஷட்டர் திறக்கவில்லை.

அதன்பிறகுதான் விதியைத் தேடிப் படித்தேன். அக்கா பணம் போட்டது 'நிதி' (Nidhi) என்ற வகைக் கம்பெனி; உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கி உறுப்பினர்களுக்கே கடன் தருவது. 2014-ஆம் ஆண்டின் நிதி (Nidhi) விதிகளின்படி, வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பைத் தாண்டி இவ்வகைக் கம்பெனிகள் வட்டி தரக் கூடாது. அந்த வரம்பு 12.5%. டெபாசிட் பிடித்துத் தருகிறவர்களுக்குக் கமிஷனும் கொடுக்கக் கூடாது. விதிகளை எல்லாம் நிறுவனம் கடைப்பிடித்தது என்று ஆடிட்டர் வருடந்தோறும் சான்று தந்து தணிக்கை அறிக்கையோடு இணைக்க வேண்டும். கொடுத்த வட்டி செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. மொத்த டெபாசிட்டும் பக்கத்திலேயே இருக்கிறது. வகுத்துப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகும்? அந்த ஆடிட்டர் யார் என்று ஊருக்குச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் என் அக்கா நம்பியது அந்த நிறுவனத்தை இல்லை, உங்கள் தொழிலை. அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

என் தாத்தா பர்மாவில் செட்டியார் கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை எடுபிடியாகப் போய், மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தவர். கடையை நடத்தும் மேலாள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்பினால் ஐந்தொகை என்னும் வரவு செலவு இருப்புக் கணக்கோடுதான் முதலாளி வீட்டு வாசல் ஏற முடியும் என்று அப்பா சொல்வார். அது சர்க்காருக்குப் பயந்து எழுதிய கணக்கு இல்லை. கணக்கு பிசகினால் அடுத்த கடையில் ஒருவன் அவனை வேலைக்கு வைக்க மாட்டான், அவ்வளவுதான். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு காரைக்குடியிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். கணக்கு விஷயத்தில் இந்த ஊருக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

இன்றைக்குச் சட்டம் உங்கள் கையில் நிறையவே கொடுத்திருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 143(12) பிரிவின்படி, கம்பெனிக்குள் அதன் அதிகாரிகளோ ஊழியர்களோ 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் மோசடி செய்வதாகத் தெரிந்தால் ஆடிட்டர் மத்திய அரசுக்கே எழுத வேண்டும். அதற்குக் கீழே என்றால் இயக்குநர் குழுவுக்கு அல்லது தணிக்கைக் குழுவுக்கு. 2009-இல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனியின் கணக்கு மோசடி வெடித்தது. 2018-இல் ஆடிட்டர்களைக் கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. ஆனால் அதன் கண் பங்குச்சந்தைக் கம்பெனிகள் மேலும் மிகப் பெரிய கம்பெனிகள் மேலும்தான். செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் நடக்கும் நிதிக்கு டெல்லியிலிருந்து யார் வருவார்கள்? அங்கே முதலில் போய் உட்காருகிறவர் நீங்கள்தான்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். சிலர் தப்பைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறீர்கள். ராஜினாமா செய்தால் 30 நாளுக்குள் ஏடிடி-3 படிவத்தில் கம்பெனிப் பதிவாளருக்குக் காரணம் எழுத வேண்டும். அதில் "வேலைப்பளு" என்று எழுதிவிட்டு வந்தால் உங்கள் கை சுத்தமாகலாம். அடுத்த வாரம் பணம் போட வரும் விதவைக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. உண்மைக் காரணத்தை எழுதுங்கள்.

விதி எழுதப்படும் இடத்திலும் நீங்கள் வேண்டும். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள், ஒப்பந்தம் எழுதாவிட்டால் 15 நாளுக்குள், பணம் தராவிட்டால், வாங்கியவர் உண்மையில் பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று 2023-24 கணக்காண்டிலிருந்து வருமான வரியில் ஒரு விதி வந்தது. நல்ல விதி. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றி ஒவ்வொரு தரைக்கல்லாக வார்க்கிறவருக்கு மாதக்கணக்கில் பாக்கி நிற்கக் கூடாதுதான். ஆனால் உத்யம் என்ற சிறு தொழில் அரசுப் பதிவு உள்ளவரிடம் வாங்கினால் தொல்லை என்று வாங்குகிறவர் பின்வாங்கினால் என்ன ஆகும்? இது டெல்லியில் உட்கார்ந்தால் தெரியாது. இரு தரப்புக் கணக்கையும் பார்க்கும் உங்களுக்குத் தெரியும். ரிசர்வ் வங்கியும் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியும் வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். செட்டிநாட்டு ஆடிட்டர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு கடிதம் அங்கே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, முறை வைத்து யாராவது ஒருவர் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். டெபாசிட் பத்திரத்தோடு வருகிறவர்களுக்கு வட்டி வரம்புக்குள் இருக்கிறதா, நிறுவனம் எந்தச் சட்டத்தில் பதிவானது என்று மட்டும் பார்த்துச் சொன்னால் போதும். இடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன். வருகிறவர்களின் பெயர் எழுத, பத்திரங்களை வரிசைப்படுத்த, நானே வந்து உட்காருகிறேன். ஐப்பசியில் தீபாவளிச் சீட்டுப் பணம் கைக்கு வந்துவிடும். புரட்டாசியிலேயே ஆரம்பித்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை,
காரைக்குடி