விலையையும் போன் நம்பரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சிறுதொழில் கட்டுரையைப் பாராட்டி நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கடைசிப் பத்தி விடவில்லை. சுதந்திரமாக இயங்கும் கலைஞர்களிடமும் அரசும் அதிகாரமும் வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் இளைஞர்களிடமும் தொழில்முனைவு மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். கணக்கு எழுதவும் சரக்கை விற்கவும் அவர்களுக்குப் பயிற்சி தர வேண்டுமாம். ரொம்ப நல்லது. எங்களைப் பற்றி ஒருவர் கவலைப்படுகிறார் என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

நான் லினோகட் ஓவியம், அதாவது லினோலியத் தகட்டில் செதுக்கி மை பூசி அச்செடுக்கும் ஓவியம் செய்கிறவள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறை நடத்துகிறோம். அதில் இரண்டு பேர் தங்களை அனார்க்கிஸ்ட் என்றே சொல்லிக்கொள்கிறவர்கள். முதலாளி என்று யாரும் கிடையாது. மை, மெஷ் துணி, கரண்ட் பில், டீக்கடை பாக்கி எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சுவதை சமமாகப் பிரித்துக்கொள்கிறோம். துணிப்பை விலையை இருபது ரூபாய் ஏற்றலாமா என்று ஒருமுறை விடிய விடியப் பேச்சு நடந்தது. ஐந்து பேரும் சம்மதிக்காமல் எங்களிடம் எதுவும் நடக்காது. ஏற்றவில்லை. பை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள் என்று ஒருவர் சொன்னார், அத்தோடு முடிந்தது. இதை மனப்பான்மை இல்லாதவர்கள் செய்வார்களா, உங்கள் கட்டுரையாளரே சொல்லட்டும்.

நாங்கள் ஒரு சிறுபத்திரிகையும் கொண்டுவருகிறோம். அதற்குக் காசு கல்யாண அழைப்பிதழிலிருந்து வருகிறது. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் முகூர்த்தமாக மணமக்கள் பெயரை அச்சடிக்கிறோம், அந்தப் பணத்தில் கவிதை வருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் அழைப்பிதழும் கிடையாது, இதழும் கிடையாது. ஐப்பசி மழையில் இன்னொரு தொல்லை. மெஷ் துணியை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தில், எழுத்தைப் பதிக்கப் பூசும் எமல்ஷன் என்ற ரசாயனப் பூச்சு காயவே காயாது. இருட்டறையில் ஹேர் டிரையரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், கரண்ட் போய்விடக் கூடாதே என்று மற்றவர்கள் வெளியே நிற்போம். அரைகுறையாகக் காய்ந்த சட்டத்தைக் கழுவினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். மாப்பிள்ளையின் அப்பா பெயர் போய்விட்டால் அப்புறம் அந்த ஊர்ப்பக்கம் ஆர்டரே வராது.

பயிற்சி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் மாவட்டத்தில் நடந்த ஒரு முகாமுக்கு ஆசையாகத்தான் போனேன். டை கட்டிய தம்பி ஒருவர் மஞ்சள் காகிதத் துண்டுகளைக் கொடுத்து, "உங்க கஸ்டமர் யாருன்னு எழுதுங்க மேடம்" என்றார். எழுதினேன். அதைச் சுவரில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். மதியம் பிரிஞ்சி சாதம், சாயங்காலம் சான்றிதழ். அந்தச் சான்றிதழோடு வங்கிக்குப் போனால், கடன் பிரிவில் இருந்தவர் லினோகட் என்பது மெஷினா, சரக்கா என்று கேட்டார். ஐந்து பேரும் சமம் என்றதும், "அப்ப கடன் யார் பேர்ல?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து பேரும் கையெழுத்துப் போடத் தயாராக நின்றதை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கட்டுரையாளருக்குத் தெரியாவிட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் எப்படி உருவானது என்று. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் அரசிடம் கை நீட்டவில்லை. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி போட்டு, கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தப் பணத்தைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். அப்போது அது கார் நுழையாத மணல்காடு. துணி விற்று நிலம் வாங்கிக் குடியேறிய ஓவியர்களுக்கு யார் முகாம் நடத்தினார்கள்?

பாரதி 1920-இல் தன் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக, புத்தகத்துக்கு 10,000 பிரதி வீதம் போட நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாக விலைபோகும் என்று நம்பினார். திட்டமும் இருந்தது, சரக்கும் இருந்தது, பணம் மட்டும் வரவில்லை. அடுத்த வருஷம் ஆளே போய்விட்டார். அவரிடம் தொழில்முனைவு மனப்பான்மை போதவில்லை என்று எழுதிவிடுவாரா உங்கள் ஆள்?

அனார்க்கிஸ்டுகளும் அப்படித்தான். பாரதியின் 'இந்தியா' பத்திரிகைக் கூட்டத்திலிருந்து கிளம்பியவர் எம்.பி.டி. ஆச்சார்யா, 1887-இல் சென்னையில் பிறந்தவர். 1920-இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, பிறகு அனார்க்கிஸ்ட் ஆனவர். பம்பாயில் அவர் குடித்தனம் பெரும்பாலும் மனைவி மாக்தா நாஹ்மன் தூரிகையில்தான் ஓடியது. ரஷ்யாவிலிருந்து வந்த அந்த ஓவியர், 1951-இல் தன் கண்காட்சி திறக்கவிருந்த அன்றே இறந்துபோனார். ஆச்சார்யா 1954-இல் போனார். வெளிநாட்டில் பார்க்க வேண்டுமென்றால், 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது பார்சிலோனாவில் சண்டை ஓய்ந்த சில நாட்களிலேயே டிராம்களை மறுபடி ஓட வைத்தது அங்கிருந்த அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்துக்காரர்கள். டிக்கெட் கிழிக்க, கணக்குப் பார்க்க அவர்களுக்கும் யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

எங்களுக்கு வராதது விற்ற பணம். கடையில் புத்தகம் வைத்தால் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது கடைக்காரருக்குக் கழிவு. அதுவும் விற்றால்தான், விற்றாலும் கேட்டால்தான். எங்கள் புத்தகங்கள் விற்ற பணத்தைக் கேட்டுப் போன ஒரு கடையில், காசுக்குப் பதிலாகக் கடையில் இருக்கும் வேறு புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுத்துக்கொண்டு வந்தேன், வேறென்ன செய்வது. குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்பும் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. சத்தம் போட்ட பிறகு 2025 மே மாதம் அதற்குப் பதிலாக ஞான் போஸ்ட் என்ற சலுகை அஞ்சல் வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய். புத்தகத்துக்குச் சரி. ஆனால் குறிப்பிட்ட இடைவெளியில் வரும் இதழ்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. எங்கள் இதழ் எந்த இடைவெளியில் வருகிறது என்பது எங்களுக்கே தெரியாது. இதைக் கவுண்டரில் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் இதழைச் சொல்லவில்லை. சிறப்பிதழுக்கு ஓவியம் வேண்டும், நாளை காலைக்குள் வேண்டும் என்று ஓர் ஆசிரியர் கேட்பார். இரவு முழுக்கச் செதுக்கி அனுப்புவேன். அட்டையில் வரும். சன்மானம் பற்றி மெல்லக் கேட்டால், "உங்களை மாதிரி ஆட்களெல்லாம் காசுக்காகவா செய்றீங்க?" என்பார். அதே ஆசிரியர் அச்சகத்துக்கும் பேப்பர் கடைக்கும் அந்தக் கேள்வியைப் போட்டுப் பார்த்திருக்கிறாரா?

சரி, புலம்பல் போதும். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். உங்கள் இதழில் வந்த நூல்களைப் பட்டியலிடும் 'வரப்பெற்றோம்' பகுதியில் எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் நூல்களுக்குத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் போடுகிறீர்கள். பெரிய பதிப்பகம் என்றால் அது போதும், கடையில் கேட்டால் கிடைக்கும். எங்கள் புத்தகத்தை வாசகர் எங்கே போய்த் தேடுவார்? விலையையும் ஒரு போன் நம்பரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரிதான் கூடும். இடம் இல்லையென்றால் அந்தக் கட்டுரையாளரின் கடைசிப் பத்தியைப் போல ஒன்றைக் குறைத்தால் தாராளமாகக் கிடைக்கும்.

கடிதத்தோடு எங்கள் புது இதழ் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். விலை 60 ரூபாய். என் சந்தாவையும் புதுப்பித்துப் பணம் கட்டிவிட்டேன். ரசீது இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
கும்பகோணம்.