28 பவுண்டா, 24 பவுண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பாட்மிண்டன் ராக்கெட் வாங்குவது எப்படி என்று அரைப்பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவர் விவரம் தெரிந்தவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பலனை அனுபவித்தவர்கள் நாங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டிய கோர்ட்டில் நெட் கட்டியாகிவிட்டது, விளக்கு எரிகிறது, நான்கு பேரும் வந்தாயிற்று. ஆட்டம் மட்டும் தொடங்கவில்லை. உங்கள் பக்கத்தை மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தார் ஒருவர்.

வழக்கு இதுதான்: ராக்கெட் நரம்பை 24 பவுண்டு இறுக்கத்தில் கட்டுவதா, 28 பவுண்டிலா? இறுக்கம் கூடினால் ஷட்டிலை நினைத்த இடத்துக்கு அனுப்பலாம். ஆனால் நரம்பு துள்ளித் தராது; வேகத்தை மணிக்கட்டுதான் கொடுக்க வேண்டும். அடி நன்றாக விழும் நடுப்பகுதியும் சுருங்கிவிடும். இது எங்கள் குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம். தெரிந்துகொண்டே 28 கேட்கிறார்கள், சர்வதேச வீரர்கள் அதற்கும் மேலே போகிறார்களாம். 28-க்காக வாதாடும் வங்கி நண்பர் அடிப்பதில் பாதி விளிம்பில்தான் படுகிறது. விளிம்புக்கு எத்தனை பவுண்டு என்று கேட்டேன். முறைத்தார்.

அவர் நரம்பைச் சோதிக்கும் அழகைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராக்கெட்டைக் காதோரம் பிடித்து, கண்ணை மூடி, உள்ளங்கையால் இரண்டு தட்டு. தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவர் முகத்தில்கூட அவ்வளவு பக்தி இருக்காது. "25-க்கு இறங்கிவிட்டது" என்று தீர்ப்பளிப்பார். பிறகு தண்டை ஒரு விரலில் கிடத்தி, தலைப்பக்கம் கனமா கைப்பக்கம் கனமா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் யாரும் சர்வீஸ் போடக் கூடாது.

அடுத்தது எடை. ராக்கெட்டின் எடைப் பிரிவுக்கு ஒரு குறியீடு உண்டு: 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ என்றால் 80 முதல் 84. இந்த ஐந்து கிராமைக் குறைக்க இன்னொரு நண்பர் புது ராக்கெட்டே வாங்கினார். வாங்கிய அன்றே பிடியில் டவல் கிரிப் சுற்றி, அதன்மேல் இன்னொரு கிரிப்பும் சுற்றி, குறைத்த எடையைத் திரும்ப ஏற்றிக்கொண்டார். 100 கிராமுக்கு மேல் கனக்கும் மர ராக்கெட்டில் ஆடியவன் நான். மழைக்காலத்தில் அது கோணாமலிருக்க நான்கு மூலையிலும் திருகு வைத்த சட்டத்துக்குள் பூட்டி வைப்போம். அன்றைய ஆராய்ச்சி அந்தத் திருகோடு முடிந்தது.

1980-ல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடிப் பழகியவர். மண்டபத்தில் கல்யாணம் என்றால் அன்று ஆட்டம் கிடையாது. எங்களுக்கு முகூர்த்த நாள் தொல்லையும் இல்லை. இருந்தும் ஆட்டம் கிடையாது.

இவ்வளவு பேசுகிறவர்கள் ஷட்டில் வாங்கப் பணம் கேட்டால் மட்டும் சட்டைப்பையைத் தடவுகிறார்கள். பதினாறு இறகு வைத்த ஷட்டில் விரைவில் பிய்ந்துவிடுமாம், நைலான் போதுமாம். நைலான் பறக்கும் விதமே வேறு. அதை அடித்துக்கொண்டு நான்கு பவுண்டு வித்தியாசத்தை உணர்கிறோம் என்பது எப்படியென்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த கட்டுரை ஷூவைப் பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். ஐயா, தயவுசெய்து அதை ஞாயிறு இதழில் போடாதீர்கள். எங்களுக்குக் கோர்ட் கிடைப்பதே ஞாயிறு காலைதான். திங்கட்கிழமை போட்டால், சனிக்குள் வாட்ஸ்அப்பிலேயே சண்டை போட்டு முடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்