மேட்டில் அவளை விட்டுவிட்டுப் போகாதே

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். நீயும் மருமகளும் ஜூலை கடைசியில் வருகிறீர்கள். ஐந்து நாள், ஆளுக்கு ஒரு சைக்கிள், தினமும் 80 கிலோமீட்டர். கோர்த், ரூசியோன், மெனெர்ப், பொன்யூ, லூர்மரான் என்று தெற்கு பிரான்சின் லுபெரோன் மலைப்பக்கத்து ஊர்கள் எல்லாம், முடிவில் மோன் வாந்து மலை வேறு. நீங்கள் வருவதில் எனக்கும் அப்பாவுக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆனால் இந்தத் திட்டம் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

மேப்பில் பார்த்தால் இந்த ஊர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். நடுவில் கலவோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வடக்கே கோர்த்தும் ரூசியோனும், தெற்கே லுபெரோன் சரிவில் ஒப்பெத், மெனெர்ப், லகோஸ்த், பொன்யூ. ஒவ்வொரு ஊரும் ஒரு குன்றின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. எதிரியும் கொள்ளைக்காரனும் வந்தால் தூரத்திலேயே தெரிய வேண்டும், கீழே உள்ள நல்ல நிலம் விவசாயத்துக்கு மிச்சமாக வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். அதனால் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால், ஏறின மேடு முழுவதையும் இறங்கி, மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். இங்கே 40 கிலோமீட்டர் ஓட்டினாலே காலுக்கு நிறைவான நாள்.

நாங்கள் முதல்முறை போன கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. மார்செய்க்கு வந்த மூன்றாம் வருடம். வாடகைக்கு எடுத்த சைக்கிள்களில் மேடு ஏறுகிற மாதிரி இலகுவான கியரே இல்லை. எங்களுக்கு அதைப் பார்த்து வாங்கவும் தெரியவில்லை. கூஸ்தெலேயிலிருந்து கோர்த்துக்கு ஏறும்போது வெயில் உச்சியில். உன் அப்பா நின்றால் மறுபடி ஏற முடியாது என்று மிதித்துக்கொண்டே போய்விட்டார். நான் பாதியில் இறங்கிவிட்டேன். தண்ணீர் பாட்டில் அவருடைய பையில். சாலையோரக் கல்சுவரில் உட்கார்ந்து அழுதேன், கண்ணா. எனக்கு 49 வயது, பாண்டிச்சேரியில் மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் எடுத்து பீச் ரோட்டில் ஓட்டின பெண், இன்று ஒரு மேடு ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறாளே என்று. கடந்துபோன ஒரு வயதான மனிதர் "குராஜ், மதாம்!" என்றார். தைரியம் என்று அர்த்தம். அப்புறம் எழுந்து தள்ளிக்கொண்டே போனேன்.

தள்ளிக்கொண்டு போனதால்தான் அந்த ஊரை நான் பார்த்தேன் என்று இப்போது நினைக்கிறேன். கடைசி வளைவில் திரும்பினால் வீடுகள் எல்லாம் பாறையிலேயே முளைத்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. சுண்ணாம்பே இல்லாமல் கல்லை அடுக்கின சுவர்கள் வழி முழுக்க. அந்தச் சுவர்களில் கை வைத்து நின்று நின்று ஏறினேன். மேலே உன் அப்பா ஒரு கடை வாசலில் வெளிறிப்போய் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு இரவு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து இன்றுவரை, மேடு வந்தால் அவர் என் பின்னால்தான் வருகிறார்.

உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான். மேட்டில் அவளை விட்டுவிட்டு முன்னால் போகாதே. நீ சிங்கப்பூரில் வாரம் தவறாமல் ஓட்டுகிறாய், அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மருமகளுக்கு மின்சார சைக்கிள் எடு, அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் கிடையாது. அப்படியும் அவள் இறங்கித் தள்ளினால் நீயும் இறங்கித் தள்ளு. தண்ணீர் இருவரிடமும் தனித்தனியாக இருக்கட்டும். ஊர்ச் சதுக்கங்களில் அழகான பழைய நீரூற்றுகள் உண்டு. ஆனால் "ஓ நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை.

சரி, எப்போது வருவது? ஜூலை வேண்டாம். கோர்த் பக்கத்துச் செனாங்க் மடத்தின் முன்னால் லவெண்டர் பூப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியில் வர வேண்டும், ஜூலை கடைசிக்குள் பெரும்பாலும் அறுத்துவிடுவார்கள். கோடையில் தீ அபாயம் அதிகமான நாள்களில் காட்டுப் பாதைகளையும் மூடிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது மே கடைசி. செர்ரி பழுத்திருக்கும், வெயில் உடம்பைச் சுடாது. இல்லையென்றால் செப்டம்பர் நடுவில், திராட்சை அறுவடை நேரம்.

மிஸ்த்ரால் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வடமேற்கிலிருந்து வரும். வானம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ஆனால் எதிரே மிதித்தால் சமதரையே மேடாகிவிடும். இங்கே பல கோயில் மணிக்கூண்டுகளின் உச்சியில் கூரை கட்டாமல், காற்று ஊடே போகட்டும் என்று இரும்புக் கம்பியில் கூடு மாதிரி செய்து மணியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னல் இருப்பதே அபூர்வம். அதனால் மேற்கே கவாயோனில் தொடங்கி கிழக்கே ஆப்த் பக்கம் ஓட்டுங்கள், காற்று முதுகில் இருக்கும். கவாயோன் வரை மார்செய்யிலிருந்தே ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகலாம். அங்கிருந்து பெரிய சாலைக்குப் போகாதீர்கள், லாரி அதிகம். பழைய ரயில் பாதையை எடுத்துவிட்டு, 30 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளுக்கென்றே வழி போட்டிருக்கிறார்கள். ரயில் போன வழி என்பதால் ஏற்றமே தெரியாது. முதல் நாள் அதில் மட்டும் ஓட்டுங்கள்.

அந்த வழியில்தான் போன் ஜூலியேன் பாலம் வருகிறது. கிமு 3-இல் ரோமானியர்கள் கட்டினது, இத்தாலியையும் ஸ்பெயினையும் இணைத்த அவர்களுடைய பெருவழியில். மூன்று வளைவு. வெள்ளம் வந்தால் தண்ணீர் புகுந்து போக நடுத்தூண்களிலும் வழி விட்டிருக்கிறார்கள். 2005 வரை அதன்மேல் கார் ஓடியது, கண்ணா! அப்புறம்தான் பக்கத்தில் புதுப்பாலம் கட்டி, பழையதை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கொடுத்தார்கள். அதன் நடுவில் சைக்கிளை நிறுத்தி ஆற்றைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இரண்டாம் நாள் ரூசியோன். அந்த ஊர் மண்ணைப் பார்த்தால் உனக்கு வானூர் பக்கத்துச் செம்மண் ஞாபகம் வரும், இன்னும் பத்து மடங்கு நிறத்தோடு. நாம் காவி என்று சொல்கிறோமே, அதேதான். மஞ்சளிலிருந்து ரத்தச் சிவப்பு வரை. அதை வெட்டிக் கழுவிக் காயவைத்து வண்ணமாக விற்றே இந்தப் பக்கம் பிழைத்தது. வீட்டுச் சுவரெல்லாம் அதே மண்ணின் நிறம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே, கறை போகாது.

மூன்றாம் நாள் பழைய ஒப்பெத். மேலே இடிந்த கோட்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் கீழே சமவெளிக்கு இறங்கிப் போய்விட்டார்கள். இந்த ஒப்பெத்தின் பிரபுதான் 1545-இல் வோதுவா (வால்டென்சியர்) என்ற பிரிவுக் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய படையை நடத்தினவன். மலைக்குத் தெற்கே மெரிந்தோல் என்ற ஊரையே அழித்தார்கள். வேறு மாதிரி சாமி கும்பிட்டார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். அந்தப் படிகளில் உட்கார்ந்து நாங்கள் கொண்டுபோன ரொட்டியைச் சாப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள் பொன்யூ வழியாக மலை இடுக்குச் சாலையில் லூர்மரான். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு ஊரிலும் சந்தை இருக்கும். எழுத்தாளர் அல்பேர் காம்யு நோபல் பரிசுப் பணத்தில் 1958-இல் லூர்மரானில் வீடு வாங்கினார். 1960 ஜனவரியில் கார் விபத்தில் இறந்துபோனார். கல்லறை மிகச் சாதாரணமான ஒரு கல், சுற்றிலும் செடி. ஐந்து நிமிடம் நில்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதே, விட்டு விட்டுப் பிடி, வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறை.

மோன் வாந்துவை இந்த முறை விட்டுவிடு. 1,900 மீட்டருக்கு மேல் உயரம், பெதுவான் பக்கமிருந்து 21 கிலோமீட்டர் ஏற்றம், உச்சிப் பகுதியில் நிழலே இல்லாத வெள்ளைக் கல். 1967-இல் டாம் சிம்ப்சன் என்ற பந்தய வீரர் அந்த வெயிலில் ஏறும்போதுதான் விழுந்து இறந்தார். நீ தனியாக வருகிற ஒரு வருடம் ஏறு, தடுக்க மாட்டேன்.

எந்தத் தேதி என்று அவளிடம் கேட்டுவிட்டு எழுது. முதல் நாள் நானும் அப்பாவும் ஆப்த் பக்கமிருந்து வருகிறோம். முழங்கால் வலி இருந்தாலும் அந்தப் பாதை எனக்கு முடியும். எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வருகிறேன். பன்னிரண்டு மணிக்குப் பாலத்துக்குக் கீழே, ஆற்றோரம் நிழல் இருக்கிற பக்கம் உட்கார்ந்திருப்போம்.

அன்புடன்,
அம்மா