14 வயதில் யார் இருப்பார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரிட்டனின் 'அப்' ஆவணப்பட வரிசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1964-இல் 7 வயதாக இருந்த பிள்ளைகளை ஏழாண்டுக்கு ஒருமுறை தேடிப்போய்ப் படம் பிடித்து, 2019-இல் 63 வயது வரை கொண்டுவந்த வரிசை அது. கட்டுரையாளர் தலைகளை எண்ணுகிறார்: 14 பேரில் பெண்கள் 4 பேர், வெள்ளையர் அல்லாதவர் ஒருவர். கிராமத்துப் பிள்ளையும் ஒரே ஒருவர்தான். (எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.) கணக்கு சரி. ஆனால் அந்த நான்கு பேரிடம் என்ன கேட்டார்கள்? கல்யாணம், குடும்பம் என்றே கேள்விகள் சுற்றின. அவர்களில் ஒருவர் இதை இயக்குநர் மைக்கேல் ஆப்டெடிடம் கேமரா முன்னாலேயே கேட்டும் விட்டார். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

நான் பென்னாகரம் பக்கம் தமிழாசிரியையாக இருந்தவள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்க, ஆயா வீட்டில் வளரும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அப்படி ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண், 'என் ஆசை' கட்டுரையில் 'செவிளியர்' ஆவேன் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் சுழித்து 'லி' போட்டுக் கொடுத்தேன். அரையாண்டு விடுமுறைக்கு அப்புறம் அவள் வரவில்லை. மாசியில் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். காலடியில் சாக்கு மூட்டை, பெங்களூர் பஸ்ஸுக்கு நிற்கிறாள். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். அதற்குள் மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டேன். "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று அவள்தான் கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இங்கே இப்படி ஒரு படம் எடுத்தால் பாதிக்குப் பாதி பெண் பிள்ளைகளைச் சேர்க்கலாம். தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளை, சித்தேரி மலைப் பிள்ளை, தேன்கனிக்கோட்டை இருளர் பிள்ளை, எல்லோரையும் சேர்க்கலாம். போஸ்டர் அழகாக இருக்கும். சரி, 14 வயதில் கேமரா திரும்பி வரும்போது இவர்களில் யார் ஊரில் இருப்பார்கள்? 21-இல் புருஷன் வீட்டில் யாரைப் பேச விடுவார்கள்?

அந்த 'அப்' வரிசையில் விண்வெளி வீரனாக ஆசைப்பட்ட லிவர்பூல் பையன், 28 வயதில் வீடில்லாமல் ஸ்காட்லாந்தில் அலைந்ததைப் பார்த்து உலகமே கலங்கியது. 7 வயதில் அவன் ஆசையை ஒருவர் கேட்டுப் படச்சுருளில் வைத்திருந்ததால் அது நமக்குத் தெரிகிறது. என் மாணவியின் ஆசை ஒரு கட்டுரை நோட்டில் இருந்தது. அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்