பில்லில் 650 வாட், பெட்டிக்குள் பழைய 450

அனுப்புநர்:
தங்கள் மதுரைக் கிளையின் வாடிக்கையாளர்,
திருநகர், மதுரை.
(பெயரும் கைப்பேசி எண்ணும் இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்.

நகல்: கிளை மேலாளர், மதுரை.

நாள்: 30.06.2025

பொருள்: 19.04.2025 அன்று செய்த கம்ப்யூட்டர் அப்கிரேடில், பணம் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மாட்டாமல் விட்டது. அதனால் வந்த கோளாறுக்கு வேறு வேறு காரணம் சொல்லி மேலும் பணம் வாங்கியது.

ஐயா,

வணக்கம். நான் 27 வருடமாக டிவி மெக்கானிக். சிம்மக்கல் பக்கம் சின்னதாக ஒரு கடை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கிளையில் என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் "உங்களுக்கு இது புரியாது சார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். கேம் எனக்குப் புரியாது, ஒத்துக்கொள்கிறேன். வோல்ட்டேஜ் புரியும்.

என் மகள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ஹாஸ்டலில் இருக்கும் தோழிகளோடு வாலரண்ட் விளையாடுவாள். 2019-இல் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்: ரைசன் 5 2600 பிராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம். புதிதாக வந்த சில கேம்கள் இதில் திக்கித் திணறுகின்றன என்று டியூஷன் எடுத்துச் சேர்த்த காசோடு வந்து நின்றாள். மீதியை நான் போட்டேன்.

உங்கள் கிளையில் இருந்த தம்பி சொன்ன யோசனையைக் குறை சொல்ல மாட்டேன். போர்டை மாற்ற வேண்டாம், பயோஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்தால் அதே பி450-இல் ரைசன் 5 5600 உட்காரும் என்றார். அது உண்மைதான். கார்டுக்கு ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. "பழைய 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதுக்குத் தாங்காது சார், 650 வாட் போட்டுருவோம்" என்றதும் அவரே. மதுரை வெயிலுக்குக் கம்பெனி கூலர் பத்தாது என்று டவர் கூலர் ஒன்றையும் சேர்த்தார். பில் விவரம்: கார்டு 25,500, பிராசஸர் 10,800, ரேம் 8 ஜிபி இரண்டு குச்சி 3,700, கூலர் 1,900, எஸ்எம்பிஎஸ் 5,200, மாட்டுக்கூலி 1,200. மொத்தம் 48,300 ரூபாய், வரி உட்பட. (பெட்டியில் அடைத்து வரும் 5600-உடன் ஏஎம்டியே ஒரு கூலர் வைத்துத்தான் அனுப்புகிறது. எங்களுக்குப் பெட்டியும் வரவில்லை, அந்தக் கூலரும் வரவில்லை. அது எங்கே போனது என்பதையும் விசாரித்துச் சொன்னால் நல்லது.)

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டு ஸ்க்ரூ மீது ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தந்தீர்கள்: கிழிந்தால் வாரண்டி கிடையாது. இருபத்தேழு வருஷம் அடுத்தவர் வீட்டுப் பெட்டியைத் திறந்து பிழைத்தவன், என் வீட்டுப் பெட்டியைத் திறக்க ஒரு துண்டு ஸ்டிக்கருக்குப் பயந்து ஏழு வாரம் உட்கார்ந்திருந்தேன்.

வாங்கி வந்த நாலாம் நாள் ராத்திரி, கேமுக்கு நடுவே பட்டென்று திரை இருண்டு தானாக ரீஸ்டார்ட் ஆனது. நீலத்திரை இல்லை, எரர் இல்லை. பாடம் படிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஒன்றும் ஆகவில்லை. கேம் போட்டு இருபது நிமிடத்தில், சில சமயம் ஐந்தே நிமிடத்தில், அணைந்து எழும். மகள் விண்டோஸின் கோளாறுப் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து காட்டினாள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கெர்னல் பவர் 41 பதிவாகியிருந்தது. ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மிஷின் நின்று எழுந்திருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆனால் லோடு ஏறும்போது மட்டும் செத்துப்போகிற மிஷினில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் மாதப் பாடம். பழைய பெட்டி டிவியில் படம் நாலு பக்கமும் சுருங்கினால் டியூபைக் கழற்ற மாட்டோம், சப்ளையில் மீட்டர் வைப்போம்.

உங்கள் ஆட்கள் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை.

ஏப்ரல் 26-ஆம் தேதி மிஷினை ஆட்டோவில் ஏற்றிக் கிளைக்குக் கொண்டுவந்தோம். "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சு. எப்படியும் வர்ற அக்டோபர் 14-ஓட 10-க்கு சப்போர்ட் நிக்குது, 11 போட்டுத் தர்றோம்" என்று 800 ரூபாய் வாங்கினார்கள். டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு அதையும் சேர்த்து அழித்திருந்தார்கள். மகளின் செமஸ்டர் ப்ராஜெக்ட் அதில் இருந்தது. அதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் ரீஸ்டார்ட்டும் நிற்கவில்லை, வாலரண்டும் திறக்கவில்லை. வேன் 9001 என்று ஒரு எரர். போனில் கேட்டதற்கு, போர்டு பழசு, டிபிஎம் (ஒரு பாதுகாப்பு வசதி) இல்லை, புது போர்டு 9,500 ஆகும் என்றார்கள். நல்லவேளை, நான் பணத்தை எடுப்பதற்குள் மகள் உட்கார்ந்து படித்துப் பார்த்துவிட்டாள். விண்டோஸ் 10-இல் அந்த கேம் இதையெல்லாம் கேட்காது. 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (ஸ்டார்ட் ஆகும்போதே சாஃப்ட்வேர் நம்பகமானதா என்று சரிபார்ப்பது) இரண்டும் ஆன் ஆகியிருந்தால்தான் திறக்கும். டிபிஎம் எங்கள் மிஷினிலேயே இருக்கிறது, பயோஸில் ஆஃப் ஆகியிருந்தது. உங்கள் ஆள் இந்த வசதிகள் இருக்கிறதா என்று விண்டோஸ் 11 செய்யும் சோதனையைத் தாண்டிப்போகும் பென்டிரைவை வைத்து, பழைய சாட்டா எஸ்எஸ்டியில் எம்பிஆர் என்ற பழைய முறையிலேயே 11-ஐ ஏற்றியிருக்கிறார். அப்படி ஏற்றினால் செக்யூர் பூட் எப்படி வேலை செய்யும்? விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் டிஸ்க்கைப் புது ஜிபிடி முறைக்கு மாற்றினாள், பயோஸில் பழைய முறையில் பூட் செய்யும் சிஎஸ்எம்மை ஆஃப் செய்து மற்ற இரண்டையும் ஆன் செய்தாள். ஒரு சாயங்கால வேலை, ஒரு ரூபாய் செலவில்லை. 9,500 ரூபாய் போர்டு தேவைப்படவில்லை.

அடுத்து அழகர் ஆற்றில் இறங்கிய வாரம். கூட்டத்தில் ஆள் அனுப்ப முடியாது என்றீர்கள், நியாயம்தான். போனிலேயே வைத்தியம்: "ரேம் பத்தல, இன்னும் 16 போடுங்க." கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பத்து ஜிபிகூடத் தாண்டவில்லை என்று மகள் சொன்னதற்கு மறுபக்கம் பதில் இல்லை.

மே 29 அன்று டெக்னீஷியன் வீட்டுக்கு வந்தார். விசிட் சார்ஜ் 500. கேமைப் போட்டோம், அவர் கண் முன்னாலேயே ரீஸ்டார்ட் ஆனது. பெட்டியைத் திறக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், உங்க வீட்டு கரண்ட்டு சரியில்ல, நல்ல யுபிஎஸ் ஒண்ணு வாங்கிருங்க" என்றார். வாங்கவில்லை என்றால் தன் பொறுப்பில்லை என்று ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்தும் கேட்டார். வருகிறவர்களுக்கு வீட்டு கரண்ட் சரியில்லை என்று சொல்லி ஸ்டெபிலைசர் விற்ற காலம் எங்கள் தொழிலிலும் உண்டு, அதனால் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் போனபிறகு அதே பிளக் போர்டில் மீட்டரைச் செருகி வைத்துக்கொண்டு மகளை விளையாடச் சொன்னேன். 228 வோல்ட். ரீஸ்டார்ட் ஆன நொடியிலும் 228. பக்கத்திலேயே டிவி ஓடுகிறது, ட்யூப்லைட் கண் சிமிட்டக்கூட இல்லை.

ஜூன் 7, சனிக்கிழமை. ஸ்டிக்கரைக் கிழித்தேன். திறப்பதற்கு முன்பிருந்து கடைசி ஸ்க்ரூ வரை மகள் செல்போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், கட்டே இல்லாமல். அதன் நகலை பென்டிரைவில் இணைத்துள்ளேன்.

எஸ்எம்பிஎஸ் உட்காரும் இடம் கீழே, தகடு போட்டு மூடியிருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரியாது. மறுபக்கத் தகட்டைக் கழற்றினால் அங்கே இருந்தது 2019-இல் நான் வாங்கிய அதே 450 வாட் எஸ்எம்பிஎஸ். அதன் மேல் அப்போது பால்பாயின்ட் பேனாவால் நான் எழுதிய தேதிகூட அழியவில்லை. 5,200 ரூபாய் வாங்கிய 650 வாட் எங்கே?

450 என்பதும் பேருக்குத்தான். லேபிளைப் படித்தால் 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கார்டுக்கு மட்டும் 170 வாட், பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். இரண்டையும் கூட்டினாலே 246. போர்டு, ஃபேன், டிஸ்க் எல்லாம் அதற்கு மேல். உங்கள் தம்பி முதல் நாளே தாங்காது என்று சொன்னாரே, அந்தக் கணக்கு இதுதான்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. 3060 கார்டுக்கு 8 பின் கனெக்டர் வேண்டும். பழைய கார்டு, போர்டு ஸ்லாட்டில் கிடைக்கும் 75 வாட்டிலேயே ஓடியது, அதனால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கென்று தனி வயரே கிடையாது. உங்கள் ஆள் என்ன செய்திருக்கிறார் என்றால், ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் ஓடுவதற்காகக் கொடுத்திருக்கும் மோலெக்ஸ் வயரில் ஒரு மாற்றுக் கனெக்டரைச் செருகி, அதை 8 பின்னாக்கி கார்டில் மாட்டியிருக்கிறார். ஸ்லாட் முழுசாக 75 கொடுத்தாலும் மீதி 95 வாட், ஏறக்குறைய 8 ஆம்பியர், அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் போக வேண்டும். மோலெக்ஸின் மஞ்சள் வயர் பின்னைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. முகர்ந்தால் வாசனை தெரிந்தது. இந்த மிஷினின் பக்கத்தில்தான் என் பிள்ளை ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தாள்.

கழற்றுவதற்கு முன் அளந்தும் பார்த்தேன். சும்மா இருக்கும்போது மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே 12.08 வோல்ட். கேம் ஆரம்பித்தால் 11.2. எஸ்எம்பிஎஸ்ஸுக்கான ஏடிஎக்ஸ் தர அளவுப்படி ஐந்து சதவீதம்தான் ஏறி இறங்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. ஏழு வாரமாக விண்டோஸ், ரேம், என் வீட்டு கரண்ட் என்று நீங்கள் தேடிய கோளாறு இதுதான். இருநூறு ரூபாய் மீட்டரில் ஒரு நிமிட வேலை.

திறந்ததுதான் திறந்தோம் என்று மற்றதையும் பார்த்தோம். டவர் கூலரைக் கழற்றினால், அடிப்பாகத்தில் மாட்டும் முன் உரிக்கச் சொல்லி எழுதியிருக்கும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் அப்படியே. சூட்டைக் கடத்தும் பேஸ்ட் அந்தத் தாளின் மேல். பிராசஸர் 90 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கத்திரி வெயில் இல்லை. ரேம் குச்சிகள் இரண்டையும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள். ஒன்று விட்டு ஒன்று, இரண்டாவதிலும் நாலாவதிலும் போட்டால்தான் டூயல் சேனல், அதாவது இரண்டும் சேர்ந்து இரட்டை வழியில் ஓடும். போதாக்குறைக்கு 3200 ரேம் 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது, பயோஸில் ரேமை முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை யாரும் தொடவில்லை.

வேறு கடையில் 650 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி, அதோடு வந்த 8 பின் வயரிலேயே கார்டை மாட்டினேன். தாளை உரித்துப் புதுப் பேஸ்ட் வைத்தோம். ரேமை மகள் மாற்றிப் போட்டாள். இப்போது லோடில் 11.97 வோல்ட், பிராசஸர் 71 டிகிரி. இன்றோடு மூன்று வாரம், ஒரு ரீஸ்டார்ட் இல்லை.

ஜூன் 9-ஆம் தேதி உங்கள் கிளை மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டிக்கரைக் கிழிச்சீங்களா?" கிழித்தேன் என்றதும், இனி எதற்கும் வாரண்டி இல்லை, கார்டுக்கும் சேர்த்து என்றார். பில்லின் முன்பக்கம் பின்பக்கம் எங்கும் அப்படி ஒரு நிபந்தனை அச்சாகவில்லை. நான் கேட்பது வாரண்டி சம்பந்தப்பட்டதும் இல்லை. கொடுக்காத பொருளுக்கு ஏது வாரண்டி?

நான் கேட்பவை: எஸ்எம்பிஎஸ் விலை 5,200, மாட்டுக்கூலி 1,200, ஃபார்மட் செய்த 800, விசிட் சார்ஜ் 500, ஆக 7,700 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கார்டு, பிராசஸர், ரேம் மூன்றுக்கும் வாரண்டி தொடர்கிறது என்று எழுத்தில் தர வேண்டும். ஏழு வாரம் குறைந்த வோல்ட்டேஜில் ஓடிய கார்டுக்கு நாளை ஏதாவது ஆனால் அதை என் தலையில் கட்டக் கூடாது. அப்புறம், மோலெக்ஸ் மாற்றுக் கனெக்டர் போட்டு உங்கள் கிளை வேறு யார் யாருக்கெல்லாம் கார்டு மாட்டிக் கொடுத்தது என்று ஜாப் கார்டுகளைப் பார்த்து, அவர்களை உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். 7,700 ரூபாயைவிட எனக்கு இது முக்கியம். எல்லார் வீட்டிலும் டிவி மெக்கானிக் இருக்க மாட்டார்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் தலைமை அலுவலகம் கோயம்புத்தூரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தர வேண்டிய மனுவை மகள் டைப் அடித்து வைத்துவிட்டாள். தேதி மட்டும் போடவில்லை.

இணைப்பு: பில் நகல், ஃபார்மட் மற்றும் விசிட் ரசீதுகள், ஜாப் கார்டு நகல், வீடியோ உள்ள பென்டிரைவ், மீட்டர் அளவுகளின் போட்டோக்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் கருகிய கனெக்டரையும் ஒரு கவரில் போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வந்தாலும் காட்டுவேன். கொடுத்தனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)